விண்டோஸ் 10 இருக்கட்டும், பக்கத்தில் லினக்ஸ் மின்ட்: இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியவில்லை

வாலாஜா_பில்லிங் | வாலாஜாபேட்டை

வணக்கம். கடையில் ஓடுவது ரீஃபர்பிஷ்டு டெல் லேட்டிட்யூட். ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, விண்டோஸ் 10 ப்ரோ. ப்ராசஸர் பழசு என்பதால் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு அப்டேட் நின்றுவிட்டது. டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) இருக்கிறது, வானவில் அவ்வையார் ஃபான்ட்டில் அடித்த பழைய நோட்டீஸ், பத்திரிகை ஃபைல்கள் இருக்கின்றன. ஆகவே விண்டோஸைத் தூக்க முடியாது. பேங்க், மெயில், நெட் வேலைகளை மட்டும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தில் செய்து பழகலாம் என்று நினைக்கிறேன். 60 ஜிபி ஒதுக்கத் தயார்.

இரண்டு இடத்தில் நிற்கிறது.

ஒன்று: சி டிரைவில் 110 ஜிபி காலி. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் கொடுத்தால் 9 ஜிபிதான் குறைக்கலாம் என்கிறது.

இரண்டு: பென்டிரைவில் மின்ட் நன்றாகத் திறக்கிறது. வைஃபை, சவுண்ட், டச்பேட் எல்லாம் சரி. ஆனால் இன்ஸ்டால் கொடுத்தால் பட்டியலில் பென்டிரைவ் மட்டும் வருகிறது, எஸ்எஸ்டி வரவில்லை. விண்டோஸுக்குப் பக்கத்தில் போடும் ஆப்ஷனும் இல்லை.

பிரின்டர் கேனான் எல்பிபி2900. அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன் | காட்பாடி

இரண்டுமே லினக்ஸ் பிரச்சினை இல்லை சார். இரண்டையும் விண்டோஸ் பக்கம்தான் தீர்க்க வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை: டேலி டேட்டா ஃபோல்டரையும் நோட்டீஸ் ஃபைல்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்ததை வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் பேக்கப்பே இல்லை.

அடுத்து பிட்லாக்கர், டிரைவையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. ப்ரோ எடிஷன், அதிலும் முன்பு ஏதோ ஒரு ஆபீசில் ஓடிய மெஷின் என்றால் ஆனில் இருக்க வாய்ப்பு உண்டு. கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் டிரைவ் என்கிரிப்ஷன் என்று பாருங்கள். ஆனில் இருந்தால் 48 இலக்க ரெகவரி கீயைப் பேப்பரில் எழுதி வைத்துவிட்டு முழுசாக டர்ன் ஆஃப் கொடுங்கள். சஸ்பெண்ட் போதாது. ஒரு ரீஸ்டார்ட்டில் தானாகத் திரும்பிவிடும், நமக்கு மூன்று நான்கு ரீஸ்டார்ட் ஆகும். பயாஸில் (மெஷின் எழும்போது எஃப்2-வில் வரும் செட்டிங்ஸ்) கை வைத்தபின் கீ கேட்டு, கையில் கீ இல்லை என்றால் டிரைவில் இருப்பது போனது போனதுதான்.

இப்போது ஷ்ரிங்க். 110 ஜிபி காலி என்பது மொத்தக் கணக்கு. விண்டோஸ் பார்ட்டிஷனை வால் பக்கத்திலிருந்து மட்டும்தான் சுருக்கும். அங்கே நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று உட்கார்ந்திருந்தால் அதோடு நின்றுவிடும். எந்த ஃபைல் என்று ஊகிக்க வேண்டாம். ஷ்ரிங்க் விண்டோவை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் என்று போங்கள். 259 என்ற எண்ணில் டீஃப்ராக் பெயரில் ஒரு பதிவு இருக்கும். கடைசியாக வழி மறித்த ஃபைலின் பெயர் அதில் வரும். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று:

ஹைபர்னேஷன் ஃபைல். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப் என்று அடித்தால் அந்த ஃபைல் போய்விடும். அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் நிற்கும். அது எப்படியும் நிற்க வேண்டியதுதான்.

பேஜ் ஃபைல். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட், பெர்ஃபார்மன்ஸ், விர்ச்சுவல் மெமரி. அங்கே சி-க்கு 'நோ பேஜிங் ஃபைல்' கொடுத்து செட் அழுத்துங்கள்.

ரீஸ்டோர் பாயின்ட். சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனை ஆஃப் செய்து பழையவற்றை டெலீட் செய்யுங்கள். 259-ல் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்று தெரிந்தால் இதுதான் காரணம்.

ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஷ்ரிங்க். பெட்டி எம்பி கணக்கில் கேட்கும்: 60 ஜிபி என்றால் 61440. முடிந்ததும் பேஜ் ஃபைலையும் ரீஸ்டோரையும் பழையபடி ஆன் செய்யுங்கள், ஹைபர்னேஷன் வேண்டாம். வந்த காலி இடம் கறுப்புப் பட்டையோடு அன்அலோகேட்டட் என்று நிற்கட்டும். அதில் 'நியூ சிம்பிள் வால்யூம்' போடாதீர்கள். டைனமிக் டிஸ்க் ஆக்கட்டுமா என்று எப்போது கேட்டாலும் கேன்சல்.

எஸ்எஸ்டி தெரியாததற்குக் காரணம் பயாஸில் சாட்டா ஆபரேஷன் 'ரெய்டு ஆன்' என்று இருப்பது. டெல் பிசினஸ் மாடல்களில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அந்த மோடில் என்விஎம்இ டிரைவ் இன்டெல்லின் கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், லினக்ஸ் கெர்னலுக்குத் தெரியாது. பென்டிரைவ் மின்ட்டில் கெர்னல் லாக்கைத் திறந்தால், ரீமேப் ஆன என்விஎம்இ ஒன்று இருக்கிறது, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ என்ற சாதாரண மோடுக்கு மாற்று என்று அதுவே எழுதியிருக்கும்.

நேராகப் போய் மாற்றிவிடாதீர்கள். விண்டோஸ் ரெய்டு டிரைவரை எதிர்பார்த்துப் பூட் ஆகும். கிடைக்காமல் நீலத் திரை வரும், 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்' என்று. சேஃப் மோடில் விண்டோஸ் எல்லா ஸ்டோரேஜ் டிரைவரையும் தேடிப் பார்க்கும். அதனால் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. எம்எஸ்கான்ஃபிக், பூட் டேப், சேஃப் பூட், மினிமல். ரீஸ்டார்ட்.
2. டெல் லோகோ வரும்போது எஃப்2. சிஸ்டம் கான்ஃபிகரேஷன், சாட்டா ஆபரேஷன், ஏஹெச்சிஐ. அப்ளை, எக்ஸிட்.
3. விண்டோஸ் சேஃப் மோடில் திறக்கும். மறுபடி எம்எஸ்கான்ஃபிக், சேஃப் பூட் டிக்கை எடுங்கள். ரீஸ்டார்ட்.

சேஃப் மோடில் பின் நம்பர் பல நேரம் வேலை செய்யாது. அக்கவுன்ட் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

மக்கன்_பேடா | ஆற்காடு

எதுக்குண்ணா இவ்ளோ சுத்து? விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு உள்ளயே மின்ட் ஓட்டலாமே. பிடிக்கலன்னா டெலீட் பண்ணா முடிஞ்சுது. பயாஸ் பக்கமே போக வேணாம்.

கோட்டை_அகழி | வேலூர்

மெனு எப்படி இருக்கிறது என்று அரை மணி நேரம் பார்க்க விர்ச்சுவல்பாக்ஸ் சரி தம்பி. இவர் கேட்பது பேங்க் வேலைக்கு. அடியில் ஓடுவது அப்டேட் நின்ற விண்டோஸ், அதற்குள் ஜன்னல் போட்டு லினக்ஸ் ஓட்டினால் பாதுகாப்பில் என்ன லாபம்? அடிக்கிற பாஸ்வேர்டு அந்த விண்டோஸ் வழியாகத்தான் உள்ளே போகிறது. தவிர 8 ஜிபி ரேமை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பிரவுசர் திறந்தால் இரண்டுமே தவழும்.

வாலாஜா சார், டேலிக்காக விண்டோஸ் இருக்கத்தான் போகிறது. அதைச் சும்மா விடாதீர்கள். வீட்டு உபயோகக்காரர்களுக்கான நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான லிங்க் வரும்.

காட்பாடிக்காரர் சொன்னதை முடித்த பிறகு இன்ஸ்டால். மின்ட்டைப் பென்டிரைவில் எழுதும்போது, அதற்கான ரூஃபஸ் சாஃப்ட்வேரில் பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, டார்கெட் யூஇஎஃப்ஐ (புது வகைப் பூட் முறை) என்று வையுங்கள். அப்படி எழுதிய பென்டிரைவ் பழைய லெகசி மோடில் பூட்டே ஆகாது, அதனால் தப்பான மோடில் ஏறும் பேச்சுக்கே இடமில்லை. விண்டோஸ் எந்த மோடில் இருக்கிறது என்பதை சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'பயாஸ் மோடு' வரியில் பாருங்கள். யூஇஎஃப்ஐ என்று இருக்க வேண்டும். லெகசி என்று இருந்தால் இந்த வழிமுறை பொருந்தாது, நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். இறக்கிய மின்ட் ஃபைல் ஏறத்தாழ 3 ஜிபி. அதன் எஸ்ஹெச்ஏ256 எண்ணை (ஃபைல் முழுசாக வந்ததா என்று காட்டும் கைரேகை மாதிரி) தளத்தில் உள்ளதோடு ஒப்பிடாமல் எழுத வேண்டாம். நடுவில் நெட் அறுந்து அரைகுறையாக வந்த ஃபைலும் பூட் ஆகும். இன்ஸ்டால் பாதியில்தான் காலை வாரும்.

எஃப்12 அழுத்தி பென்டிரைவில் ஏறுங்கள். 'விண்டோஸுக்குப் பக்கத்தில்' என்ற ஆப்ஷன் இப்போது வரும். வந்தாலும் நான் 'சம்திங் எல்ஸ்'தான் சொல்வேன். எதைத் தொடுகிறோம் என்று கண்ணுக்குத் தெரியும்.

ஃப்ரீ ஸ்பேஸ் ஏறத்தாழ 64400 எம்பி அளவில் ஒன்று இருக்கும், இன்ஸ்டாலர் ஆயிரத்தின் கணக்கில் எண்ணுவதால் 61440-ஐவிடக் கூடுதலாகத் தெரியும். அதைத் தேர்ந்து பிளஸ் அழுத்தி, எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் அமைப்பு), மவுன்ட் பாயின்ட் வெறும் சாய்கோடு. முழு 60-ம் ஒரே பார்ட்டிஷனாகப் போதும். ஹோமுக்குத் தனி, ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுக்கும் இடம்) தனி என்று கூறு போட்டால் ஒன்று நிரம்பும்போது இன்னொன்று காலியாகக் கிடக்கும். ஸ்வாப் ஃபைலை இன்ஸ்டாலரே போட்டுக்கொள்ளும். டைம்ஷிஃப்ட் (மின்ட்டின் ரீஸ்டோர் பாயின்ட்) ஸ்னாப்ஷாட்டும் இதே 60-க்குள்தான் உட்காரும். இரண்டு மூன்றுக்கு மேல் வைக்காதபடி செட் செய்யுங்கள்.

மேலே எஃப்ஏடி32-ல் சில நூறு எம்பிக்குள் ஒரு சின்னப் பார்ட்டிஷன் தெரியும், இஎஃப்ஐ என்று. விண்டோஸின் பூட் ஃபைல் அதில்தான். மின்ட்டும் தன் ஃபோல்டரை அதிலேயே வைக்கும், இரண்டுக்கும் இடம் உண்டு. ஃபார்மேட் டிக் மட்டும் அதன்மேல் விழக் கூடாது. இன்ஸ்டால் நௌ கொடுத்ததும் என்னென்ன ஃபார்மேட் ஆகும் என்று ஒரு பட்டியல் வரும். எக்ஸ்ட்4 ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் அமைப்பு) என்ற சொல் அங்கே இருந்தால் 'கோ பேக்'.

சார்ஜர் மாட்டி, பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போது செய்யுங்கள். நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் ஆரம்பிக்க வேண்டாம். லேப்டாப் பேட்டரி தாங்கும், ரௌட்டர் தாங்காது. டெஸ்க்டாப்பில் செய்கிறவர்கள் யுபிஎஸ் இல்லாமல் பார்ட்டிஷனைத் தொடவே கூடாது.

முடிந்ததும் பூட் பட்டியலில் மின்ட் என்று தேடாதீர்கள். மின்ட் 22 உபுண்டு 24.04-ன் மேல் கட்டியது, அங்கே 'உபுண்டு' என்றுதான் பெயர் வரும். செக்யூர் பூட்டை (கையெழுத்தில்லாத பூட் ஃபைலை விடாத பயாஸ் காவல்) ஆஃப் செய்யத் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் கையெழுத்துப் போட்ட ஷிம் என்ற சின்னப் பூட் ஃபைல் மின்ட்டில் இருக்கிறது.

பிரின்டர். இதில்தான் கொஞ்சம் கசப்பு. எல்பிபி2900 கேப்ட் என்ற தனி மொழியில் பேசும், மின்ட் தானாக அடையாளம் கண்டு பிரின்ட் போடாது. கேனானின் லினக்ஸ் டிரைவர் பழசு, 32-பிட் லைப்ரரிகளைத் தேடும். ஓட வைக்கலாம், ஆனால் கடை நேரத்தில் பில் காத்திருக்கும்போது அது நின்றால் கஷ்டம். என் யோசனை: மின்ட்டில் பிடிஎஃப் ஆக்கி, பிரின்டை விண்டோஸிலிருந்தே எடுங்கள். ஹெச்பி 1020 வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. ஹெச்பி-செட்டப் ஓட்டி ப்ளக்இன் இறக்கினால் போதும், நெட் மட்டும் வேண்டும்.

தமிழ். மின்ட் மெனுவில் 'இன்புட் மெத்தட்' திறந்து ஐபஸைத் தேர்ந்து, ஐபஸ்-எம்17என் பேக்கேஜைப் போட்டு, லாக்அவுட் செய்து வந்தால் தமிழ்99 கீபோர்டு பட்டியலில் இருக்கும். வானவில் ஃபைல்கள் யூனிகோடு இல்லை. ஃபான்ட் ஃபைலை ஹோமுக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் லிப்ரே ஆபீசில் படிக்கலாம், திருத்துவது விண்டோஸில்தான் வசதி. அடிக்கடி தேவைப்படும் நோட்டீஸ்களை மட்டும் விண்டோஸிலேயே என்ஹெச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இரட்டை பூட் நம் மாநிலத்துக்குப் புதிதில்லை, 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப்பிலேயே விண்டோஸோடு மத்திய அரசின் சிடாக் நிறுவனம் செய்த போஸ் லினக்ஸும் வந்தது. அந்தக் காலத்துத் தமிழ் வீடியோக்கள் இன்னும் சுற்றுகின்றன. எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன் முறை), நான்கு பிரைமரி பார்ட்டிஷன், ரேமைப் போல இரண்டு மடங்கு ஸ்வாப் என்று அவற்றில் சொல்வது இந்த மெஷினுக்கு ஆகாது.

பாலாறு_மேட்டு_மணல் | ராணிப்பேட்டை

உள்ளே இரண்டாவது டிரைவுக்கு இடம் இருந்தால், அல்லது யுஎஸ்பி எஸ்எஸ்டி வாங்க முடிந்தால், சி டிரைவை வெட்டாமல் லினக்ஸை அதிலேயே போடலாம். 256 ஜிபியில் 60 போனால் டேலி பேக்கப்புக்கு நெருக்கும். ஆனால் ஒன்று: 'பூட்லோடர் போகும் இடம்' என்று இரண்டாவது டிரைவைத் தேர்ந்தாலும் இந்த இன்ஸ்டாலர் முதல் டிரைவின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே எழுதிவிடும், இது பழைய குறை. யுஎஸ்பி எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் பூட் ஆகாது. இன்ஸ்டால் நேரத்தில் மட்டும் உள் டிரைவைக் கழற்றி வையுங்கள், அல்லது பயாஸில் அந்த ஸ்லாட்டை டிசேபிள் செய்யுங்கள். முடிந்ததும் திரும்ப மாட்டினால் இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

வாலாஜா_பில்லிங் | வாலாஜாபேட்டை

எல்லோருக்கும் நன்றி. 259-ல் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்தான் இருந்தது. ரீஸ்டோர் பாயின்ட்டை நீக்கியதும் 71 ஜிபி வரை காட்டியது, 60 எடுத்தேன். பிட்லாக்கர் ஆஃபில்தான் இருந்தது. ஏஹெச்சிஐ மாறிவிட்டது, மின்ட்டும் ஏறிவிட்டது. இப்போது இரண்டு: மின்ட்டுக்குப் போய் வந்தால் விண்டோஸில் மணி தப்பாகக் காட்டுகிறது, பேங்க் சைட் சர்டிஃபிகேட் சரியில்லை என்கிறது. மின்ட்டிலிருந்து சி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடுகிறது, சேவ் ஆகவில்லை. பிடிக்காமல் போனால் மின்ட்டை எடுப்பது எப்படி என்றும் சொல்லிவிடுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன் | காட்பாடி

மணி சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும், பாருங்கள். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. காலை 9 மணிக்குக் கடை திறந்தால் 3:30 என்று காட்டும். மின்ட் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று ஒருமுறை அடியுங்கள். பிறகு விண்டோஸில் 'சிங்க் நௌ' கொடுங்கள். லோக்கல் நேரம் நல்லதில்லை என்று மின்ட் ஒரு எச்சரிக்கை காட்டும். கோடைக்கு ஒருமுறை கடிகாரத்தை நகர்த்தும் நாடுகளுக்கான பயம் அது, நமக்கு இல்லை.

சி டிரைவ் பூட்டியிருப்பது, ரீஸ்டோர் பாயின்ட்டை மட்டும் நீக்கிவிட்டு ஹைபர்னேஷனை ஆனிலேயே விட்டிருப்பதால்தான். அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் ஆனில் இருக்கும். அது இருந்தால் ஷட்டௌன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக மூடாது, பாதி நினைவை டிஸ்க்கில் வைத்துவிட்டுத் தூங்கும். அந்த நிலையில் லினக்ஸ் எழுதினால் ஃபைல் அமைப்பு கெடும் என்பதால்தான் படிக்க மட்டும் விடுகிறது. மேலே சொன்ன பவர்சிஎஃப்ஜி வரியை அடித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஹைபர்னேட் ஃபைலை நீக்கிவிட்டுக் கட்டாயமாக மவுன்ட் செய்யும் கமாண்ட் நெட்டில் கிடைக்கும், டேலி டேட்டா உள்ள டிரைவில் அதை ஓட்டாதீர்கள். அதைவிட, இரண்டுக்கும் பொதுவான ஃபைல்களுக்கு ஒரு வெளி டிஸ்க் வைத்துக்கொள்வது மேல்.

பின்னால் பிட்லாக்கர் ஆன் செய்தால், கிரப் மெனு (எந்த சிஸ்டம் என்று மெஷின் எழும்போது கேட்கும் பட்டியல்) வழியாக விண்டோஸுக்குள் போகும்போது ரெகவரி கீ கேட்கலாம். எஃப்12-ல் நேராக 'விண்டோஸ் பூட் மேனேஜர்' தேர்ந்தால் தொல்லை இல்லை.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கிரப் மெனு காணாமல் போனால் பதறாதீர்கள், வரிசை மட்டும் மாறியிருக்கும். எஃப்2-வில் பூட் சீக்வென்ஸில் உபுண்டுவை மேலே ஏற்றுங்கள். கிரப் வருகிறது, விண்டோஸ் வரி மட்டும் இல்லை என்றால் மின்ட்டில் சூடோ அப்டேட்-கிரப். லினக்ஸ் ஏறும்போது எஸ்பேட் (பழைய ஷிம்மைத் தடுக்கும் பட்டியல்) சோதனை தோற்றது என்று வந்து மெஷின் அணைந்தால் அது வேறு விஷயம். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டில் பழைய ஷிம் வைத்திருந்த பலருக்கு அது வந்தது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக ஆஃப் செய்து, மின்ட்டில் ஏறி, சூடோ மோக்யூடில் --செட்-எஸ்பேட்-பாலிசி டெலீட் அடித்து ரீபூட் செய்யுங்கள். மின்ட்டில் ஒருமுறை ஏறி, அப்டேட் எல்லாம் போட்டபின் செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்யலாம்.

மின்ட்டை எடுப்பதற்கு வரிசை முக்கியம். முதலில் எஃப்2-வில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே வையுங்கள். விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகுதான் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 60 ஜிபி பார்ட்டிஷனை டெலீட் செய்து, சி மேல் ரைட் கிளிக், எக்ஸ்டெண்ட் வால்யூம். தலைகீழாகச் செய்தால், தன் ஃபைல்களை இழந்த கிரப் முதலில் எழுந்து கறுப்புத் திரையில் நிற்கும். அப்போதும் எஃப்12 காப்பாற்றும். எக்ஸ்டெண்ட் மங்கலாகத் தெரிந்தால் நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை டெலீட் செய்துவிடாமல் டிஸ்க் மேனேஜ்மென்ட் படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.